மட்டம்

பதினோரு வருடமாய் என் வேலை
தண்ணீரைத் தாழ்த்திவைப்பது.
கடலுக்கு இரண்டு மீட்டர் முப்பது கீழே
கால்வாய்ச் சுவரில் பதித்த நீல ஓடு.
அதன் எண் நனையாதவரை
ஹைல்கெமா வீட்டுப் பசுக்கள்
உலர்ந்த குளம்போடு உறங்கும்.
ஒரு விரற்கடை ஏறினாலும்
என் கைபேசி அலறும்.
இரவு உடைமேல் மழைக்கோட்டு மாட்டி
மோட்டாரைப் போடப் போவேன்,
போன வாரம் வரை
இந்த வயிற்றோடும்.

இன்று டிராக்டன் மருத்துவமனையில்
மல்லாந்து கிடக்கிறேன்.
முப்பத்தேழு வாரம், மூன்று நாள்.
ஃப்ரௌக்கியா குளிர்ந்த களிம்பைப் பிதுக்கி
தொப்புளை நடுவாக வைத்து
வயிற்றை நான்கு வயலாகப் பிரிக்கிறாள்.
வயலுக்கொரு கறுப்புக் குட்டையைத் தேடி
மேலிருந்து கீழாகக் கோடு இழுக்கிறாள்.

ஒன்று புள்ளி ஆறு.
ஒன்றுமில்லை.
இரண்டு புள்ளி ஒன்று;
இல்லை, இது கொடி சுருண்டு கிடக்கும் இடம்,
சேர்க்கக் கூடாது என்று
அழித்துவிட்டு மறுபடி அளக்கிறாள்.
ஒன்று புள்ளி மூன்று.
புள்ளி ஒன்பது.

அவளுக்கு முன்பே கூட்டி முடித்துவிட்டேன்.
"மூன்று புள்ளி எட்டு. குறைவு" என்றாள்.
குறைவு என்றதும் யெல்மர்
பழக்கத்தில் "நல்லது" என்றான்.
பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

கசிந்ததா, உள்ளாடை நனைந்ததா
என்று கேட்டார் டாக்டர் டெர்ப்ஸ்ட்ரா.
மதகின் கசிவைக்
காதாலேயே கண்டுபிடிப்பவள் நான்.
இல்லை என்றேன்.
கொஞ்சம் கழித்து, தெரியவில்லை என்றேன்.

பிள்ளை குடிக்கும், பெய்யும்,
பெய்ததையே மறுபடி குடிக்கும்,
இந்த மாதத்தில்
தன் குளத்தை அதுவேதான் நிரப்பிக்கொள்ளும்
என்று விளக்கினார்.
எனக்குத் தெரியாமல் உள்ளே
ஓர் ஆள் வேலை பார்த்திருக்கிறான்,
சம்பளமில்லை, மாற்று ஆளுமில்லை.
களைத்துவிட்டானோ.

குறைகுடம்தான், கூத்தாடவில்லை.
திரையில் ஒரு கன்னம்
சுவரோடு அழுந்தியிருக்கிறது,
சேற்றில் தரைதட்டிய படகுபோல.
குதிகால் மட்டும் ஒருமுறை
என் விலாவை உதைத்துவிட்டு அடங்கியது.

காத்திருக்க வேண்டாம், இன்றிரவே
வலி வரவைக்கலாம் என்றார்.
யெல்மர் குழாயடிக்கும் கட்டிலுக்குமாய்
காகிதக் கோப்பையோடு நடக்கிறான்.
இனிக் குடித்து நிரப்ப முடியாது
என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.
ஏழாவது கோப்பையையும் குடிக்கிறேன்.

இரண்டேகால் மணிக்குக் கைபேசி அலறியது.
வெளியே மழை.
முதன்முறையாக, ஏறட்டும் என்று
கவிழ்த்து வைத்தேன்.
சற்று நேரத்தில் ஸ்யோர்ட் எழுதினான்:
'போட்டாயிற்று. நீ தூங்கு.'

பெட்டியில் நூற்று நாற்பத்திரண்டு,
நூற்று முப்பத்தெட்டு,
நூற்று நாற்பது.
போர்வைக்கடியில் கைவிட்டுத்
தடவிப் பார்க்கிறேன்.
உலர்ந்திருக்கிறது.