தடுப்பு

பரமக்குடியில் கேட் போட்டிருந்தார்களாம்.
மதுரையிலிருந்து வந்த திரவ நைட்ரஜனில்
கால்வாசி வழியிலேயே ஆவி.
மிச்சத்தை இறக்கிவைத்துக் கையெழுத்துக் கேட்ட
வேன்காரர் இருளாண்டி,
"இத்தனை குளிரை வச்சு என்னம்மா செய்வீங்க?"
ஓர் இடைவெளியை அளக்கிறேன் என்றேன்.
"பாம்பனையா?"

மயிரிழையை முந்நூறாய்ச் சீவினால் வரும் தடிமன்.
கறுப்புப் படலம்.
இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன்.
தொண்ணூற்றிரண்டு கெல்வினுக்குக் கீழே
எலெக்ட்ரான்கள் சோடி சேரும்.
அந்தச் சோடியைப் பிரிக்கத்
தலைக்கு என்ன விலை?
மில்லி எலெக்ட்ரான்வோல்ட்டில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை உறை பிரித்து
தங்க ஊசிமுனையை இறக்கினேன்.
மைனஸ் அறுபதிலிருந்து பிளஸ் அறுபதுவரை
திரையில் ஒரே தட்டை.
தொட்டால் போதாது,
நடுவே ஒரு தடுப்பு வேண்டும்.
எலெக்ட்ரான் அதை ஏறியும் கடக்காது
உடைத்தும் கடக்காது.
இந்தப் பக்கம் இருந்தது
அந்தப் பக்கம் இருக்கும், அவ்வளவே.
தடுப்புக்கு அலுமினா பூசலாம்.
பூசும் எந்திரத்தின் பம்ப்
பிப்ரவரியிலிருந்து பழுது.

இருட்டியதும் கரண்ட் போனது.
புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறந்தவள்
மூடாமலே வீட்டுக்குப் போனேன்,
படலத்தையும் மேசையில் விட்டுவிட்டு.
இரவெல்லாம் கீழக்கரைக்குள் சோழகக் காற்று.

காலையில் பூட்டில் உப்புப் பூத்திருந்தது.
ஈரம் பட்டால்
பேரியம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்,
மேல்தோல் செத்துப்போகும்.
பதினோராயிரம் ரூபாய்ப் படலம்.
அழுதுகொண்டேதான் அளந்தேன்.

கோடு குழிந்தது.

நடுவில் ஆப்பு இறங்கியதுபோல் ஒரு பள்ளம்,
இரு கரையிலும் மொத்தையாய் மேடு.
எழுபத்தேழு கெல்வினே இதற்குச் சூடுதான்,
மேட்டைக் கரைத்துவிடுகிறது.
ஹீலியம் இருந்தால் கூராய்த் தெரியும்.
ஹீலியத்துக்கு யார் காசு தருவது?
செத்த தோலே தடுப்பாகி நிற்க
அடியில் உயிரோடிருந்தன சோடிகள்.
ஏழு தடவை ஓட்டினேன்.
பதினெட்டு. கூட்டல் கழித்தல் ஆறு.

போனில் பேராசிரியர் சீனி நெய்னா:
"இருபதுன்னே போடலாமே ருகையா,
எல்லாரும் அதைத்தானே போட்டிருக்காங்க.
ஆமா, பம்ப்தான் ஓடலையே,
தடுப்புக்கு என்ன வச்சே?"

பதில் சொல்லாமல் ஆய்வேட்டைத் திறந்து
தடுப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
கடற்காற்று, பதினோரு மணி நேரம்.
ஈரப்பதம் எண்பத்துநான்கு.
அந்த ஆறை அழிக்கவில்லை.

அடுத்த படலத்துக்கு
ஜன்னலை எத்தனை மணிக்குத் திறப்பது,
எத்தனை மணிக்கு மூடுவது?
காலி உருளையைக் கேட்டு
வாசலில் ஹாரன் அடிக்கிறார் இருளாண்டி.