ஆயிரத்து நூற்று எண்பது

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தபோது
அதன் முதுகில் கருப்பு இல்லை.
வெள்ளையில் மூன்று சிவப்புத் திட்டுகள்,
தோளருகே தோலுக்கடியில்
ஊமைக்காயம் போல ஒரு நீலம்.
அவ்வளவுதான்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
ஆக்ஸிஜன் ஊதிய பாலிதீன் பையில்
என் மடியில் வந்தது.
வளைவுக்கு வளைவு தண்ணீர் சாய்ந்தது,
மீன் மட்டும் நேராக நின்றது.

அழகாபுரத்தில்
என் பல் கிளினிக்கின் பின்னால் சிமெண்டுத் தொட்டி.
அறுநூறு அடி போர்.
வாளி விளிம்பில் வெண்படலம்,
ஹீட்டர் கம்பிக்குச் சுண்ணாம்புச் சட்டை,
சோப்பு நுரைக்க மறுக்கும் தண்ணீர்.
மீட்டரை நனைத்தேன்:
ஆயிரத்து நூற்று எண்பது.

மூன்றாம் மாதம் அந்த நீலம் மேலே வந்தது.
முதலில் மிளகளவு, அப்புறம் புளியங்கொட்டை,
ஆடி பிறப்பதற்குள்
கவிழ்ந்த மைக்கூடு.
இன்னாசிமுத்துவுக்குப் போன் போட்டேன்,
ஏமாந்தவனின் குரலில்.
காபிக்கொட்டை மெஷின் சத்தத்துக்கு மேல்
அவர் சிரித்தார்.
"கருப்பு உள்ளயேதான் சார் இருந்துச்சு.
எங்க மலைத் தண்ணி மெதுவு, அது கூப்பிடாது.
உங்க தண்ணி கூப்பிட்டிருக்கு.
பிடிக்கலைன்னா சொல்லுங்க,
ரெண்டு பங்கு விலைக்கு ஆள் இருக்கு."

விற்கவில்லை.
சிவப்பின் மேல் ஆசை வந்தது.

மீன் சிவப்பைத் தானாகச் செய்யாது,
தின்றுதான் சேர்க்கும்.
இறால் தூள் போட்டேன், ஸ்பைருலினா போட்டேன்,
காலை இரண்டு பிடி, மாலை இரண்டு பிடி.
சிவப்பு செவ்வரளியானது. உண்மைதான்.
ஆனால் வெள்ளை
தேநீர் தெறித்த வேட்டியானது.
நிறத்துக்கென்று கொட்டியதற்கு
எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

தீவனத்தை மாற்றினேன்.
கோதுமை முளை மட்டும்,
அதுவும் பொழுது சாய்வதற்குள்.
ஐந்து வாரத்தில் வெள்ளை திரும்பி வந்தது,
கோபித்துக்கொண்டு போன பூனையைப் போல,
ஒன்றும் நடக்காத மாதிரி.

அந்த வாரம்தான் கோகிலவாணி வந்தாள்,
நங்கவள்ளிப் பக்கம். இருபத்து நான்கு வயது.
தையில் கல்யாணம்.
முன்பற்கள் நான்கிலும்
குறுக்கே பழுப்புக் கோடுகள்.

ஒரு நாளைக்கு நாலு பேராவது பார்க்கிறேன் இதை.
ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில்
ஊர்க் கிணறு போட்ட கையெழுத்து.
வாய் திறந்தால் எந்தத் திசைத் தண்ணீரென்று
பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.

"தண்ணிய மாத்திட்டோம் டாக்டர்.
ஆறு வருசமா கேன்தான்.
ஏன் போகல?"

தொட்டியில் ஐந்து வாரம் போதுமாக இருந்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை.
தேய்க்கலாம், கொஞ்சம் குறையும்,
மேலே ஓடு ஒட்டலாம் என்றேன்.
ஒரு பல்லுக்கு இவ்வளவு, நாலுக்கு இவ்வளவு.
தாளில் எழுதிக் கொடுத்தேன்.
தொகையைப் பார்த்து
உதட்டை மூடிக்கொண்டாள்.

கை கழுவப் பின்பக்கம் போனவள்
தொட்டியருகே நின்றுவிட்டாள்.
"இதுக்கும் நம்ம ஊரு தண்ணியா?"
ஆமாம் என்றேன்.
"கருப்பு நல்லா வந்திருக்கு."

தீவன டப்பாவை நீட்டினேன்.
இரண்டு கையையும் குவித்து வாங்கினாள்.
மீன் வாயைப் பிளந்து மேலே வந்து
விரலைச் சப்பியது.
அவள் சிரித்தாள்.
வாயை மூட
கை எதுவும் மிச்சமில்லை.

நான் குனிந்து
மீட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

தாளை நாலாக மடித்து
பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.
தை பிறக்க இன்னும் நாளிருக்கிறது.
சாயங்காலம் பாதித் தொட்டியை இறைத்து
அதே போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.