ஜன்னலில் இரண்டு தாள்கள்

மார்ச் முதல் தேதி.
ப்ளஃப் துறைமுகத்தில் படகுகள் வந்துவிட்டன.
விடியுமுன்பே என் மேசைமேல் கொட்டுகிறார்கள்
சாக்குச் சாக்காகச் சிப்பி.
கத்தியை நுழைத்து ஒரு திருகு.
இருபத்தேழு வருஷமாய் அதே திருகு.
மணிக்கு எத்தனை டஜன் என்று எண்ணுகிறவர்களுக்கு
நான் இன்னும் முதல் மூவரில் ஒருவன்.
எத்தனை தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை.
இந்த வருஷம் விடை சுலபம்.

இடது ரப்பர் பூட்ஸில், பெருவிரலுக்கு நேரே
ஓர் ஓட்டை வெட்டியிருக்கிறேன்.
வீங்கும் நாளில் விரல் அதில் தலை நீட்டும்,
சிவந்து, பளபளத்து,
பதவி உயர்வு வந்த குமாஸ்தாவைப் போல.
"நம்ம சிப்பியில முத்து கிடையாது,
அதெல்லாம் டீபெனே கால்லதான் விளையுது"
என்பான் ஹொரமோனா.
நானும் சிரிப்பேன்,
காற்றுப் பட்டாலே நோகும் விரலை
மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்.
ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று யூரிக் அமிலத்துக்கு.
ஒரே ஆஸ்பத்திரி, வேறு வேறு மாடி.
ரொட்டியைக் குறை, கிழங்கைக் குறை,
மீன் சாப்பிடு என்கிறது கீழ்மாடி.
மீனா, மட்டியா, ஈரலா,
யோசித்துத் தொடு என்கிறது மேல்மாடி.
செர்ரிப் பழம் நல்லதாம்.
எத்தனை பழம் என்று கண்ணை உருட்டுகிறது கீழ்மாடி.
போன ஆகஸ்டில் விரலுக்கென்று தந்த மாத்திரை
விரலை விட்டது, சர்க்கரையைப் பிடித்தது.
பதினெட்டு.
மத்தளத்தை யாரும் கேட்பதில்லை
எந்தப் பக்கம் வலிக்கிறது என்று.

பிரிஹிராதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை
இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக
ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.
இங்கும் அங்கும் பேனா அடித்தது போக
வெளிச்சத்தில் அடிபடாமல் நின்றவை
முட்டை, முட்டைக்கோஸ், ஆடையெடுத்த பால்,
சீனி போடாத காப்பி,
தண்ணீர், தண்ணீர்.
"பரவாயில்லையே," என்றாள்,
"பட்டினின்னு எங்கேயும் எழுதலை."

மே கடைசியில் மச்சான் தீவிலிருந்து திரும்பினான்,
உப்பிலிட்ட டீட்டீக் குஞ்சுகள் வாளி நிறைய.
அந்தத் தீவில் பறவை பிடிக்கும் உரிமை
சட்டம் எழுதுமுன்பே எங்கள் குடும்பத்துக்கு உண்டு.
மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தார்கள்.
கொழுப்பும் கடலுமாய் வீடே மணந்தது.
என் தட்டில் அவித்த முட்டை இரண்டு.
மச்சான் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை.
வேண்டாம் என்பதற்கு எங்கள் பேச்சில் சொல் உண்டு.
அந்த மேசையில் இல்லை.
ஒரே ஒரு கால் எடுத்தேன்.
எலும்பைச் சூப்பும்வரை அது சின்னதாய்த்தான் இருந்தது.

இரவு இரண்டு மணிக்குப்
போர்வையின் கனம் தெரிந்தது.

காலையில் நர்ஸ் ஹொரியானா திட்டவில்லை.
திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.
"வாய் செய்த குற்றம் கொஞ்சம்தான்," என்றாள்.
"வெளியே விடவேண்டியதை உன் சிறுநீரகம்
பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறவியிலேயே அப்படி.
உங்கப்பாவுக்குக் கால் வீங்குமா?"
இல்லை என்று வாயெடுத்தேன்.
பிறகு ஞாபகம் வந்தது,
வேலிக்கம்பத்தில் இடித்துக்கொண்டேன் என்பார்.
வருஷத்துக்கு மூன்று முறை
ஒரே காலால்
வேலிக்கம்பத்தில் இடித்துக்கொண்ட மனிதர்.

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்
தினம் ஒரு வெள்ளை மாத்திரை. இரத்தம் மாதாமாதம்.
தாள்கள் இன்னும் ஃபிரிட்ஜில்தான்,
முட்டை அலுத்துவிட்டது என்று
இரண்டில் எதற்கும் சொல்ல முடியாது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
கடல் எனக்கு நிறையவே உப்பிட்டது.
நினைக்கும் வேலையை விரல் பார்த்துக்கொள்கிறது.

இன்று ஆகஸ்ட், சீசனின் கடைசி வாரம்.
விரல் பூட்ஸுக்குள் அடக்கமாக இருக்கிறது.
ஹொரமோனாவுக்கு நகைச்சுவை வறண்டுவிட்டது.
சிப்பி கழுவிய தண்ணீர் தரையில் ஓடிவந்து
அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறது,
சில்லென்று.
ஒட்டுப்போட வேண்டும்.
அடுத்த மார்ச் வரட்டும், பார்க்கலாம்.