ஆயிரத்துக்கு எண்பத்தேழு சென்ட்

ஓட்டுச்சீட்டு தபாலில் வந்து
பதினொரு நாளாகிறது.
சமையல் மேசையில்
தண்ணீர் பில்லுக்கும் பல் டாக்டர் கடிதத்துக்கும் நடுவே
முதல் ஐந்து நாள் பிரிக்காமல் கிடந்தது.
பிறகு பிரித்துக் கிடந்தது.
இப்போது அதன் ஓரத்தில் ஒரு ரசக் கறை.

குடியுரிமை வாங்கியபின் முதல் ஓட்டு.
ஜனாதிபதி யார் என்று கேட்பார்கள்,
பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன்.
கேட்டதோ இது:
கால்டர் ஸ்பிரிங்ஸின் ஆம்புலன்ஸ்
இரவிலும் ஓட,
வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு
எண்பத்தேழு சென்ட் தருவாயா?
ஆம். இல்லை.
பக்கத்தில் ஆளுக்கொரு வெற்று முட்டை.

எபனேசர் கால்குலேட்டரை எடுத்தான்.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்,
பெருக்கி, வகுத்து,
நூற்று எண்பத்திரண்டு டாலர் எழுபது சென்ட்.
"மாசத்துக்குப் பதினஞ்சு.
உன் காபிக்கே அதுக்கு மேல ஆகுது."
"காபி நானா கேட்டு வாங்குறது."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு
ஓட்டுக்குக் காசு வரும், உறையில்.
இங்கே உறையில் வருகிறது
என் காசைக் கேட்கும் ஓட்டு.
எது நேர்மை என்று தெரியும்.
எது சுலபம் என்றும் தெரியும்.

எதிர்வீட்டு டேரலின் புல்வெளியில்
'புது வரி வேண்டாம்' பலகை.
மர அறுவை ஆலையில் முப்பத்தொரு வருஷம்.
ஆலை போனது, கூடவே முதுகும்.
ஓய்வூதியம் நின்ற இடத்தில் நிற்கிறது,
மற்றதெல்லாம் ஏறுகிறது.
"நூறு டாலர் என்றால் எனக்கு
மூன்று வாரக் கணப்பு" என்றார்.
சொன்னபோது அவர் இடுப்பில் பேஜர் மினுக்கியது.
பகல் ஆம்புலன்ஸை ஓட்டுபவர் அவர்தான்,
சம்பளமில்லாமல்.

போன பிப்ரவரியில் நடுநிசி,
எபனேசருக்கு நெஞ்சைப் பிசைந்தது.
வண்டி அடுத்த ஊரிலிருந்து மலையேறி வர
நாற்பத்திரண்டு நிமிடம்.
அதற்குள் பைஜாமாவோடு பனியில் ஓடிவந்து
இந்தத் தரையில் உட்கார்ந்து
அவன் தலையை மடியில் தாங்கியிருந்தவர் டேரல்.
வெறும் வாயு என்று பிற்பாடு தெரிந்தது.
அந்த நாற்பத்திரண்டு நிமிடம் வாயு அல்ல.

தேர் இழுக்க ஊர் கூடும்.
அச்சாணிக்கு யார் காசு?
டேரலிடம் கேட்டால்
வடத்தில் உரிந்த உள்ளங்கையைக் காட்டுவார்.
அதற்கு மேலும் கேள் என்கிறது சீட்டு.

எபனேசர் தன் சீட்டோடு
குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
மேசையிலேயே நான் 'ஆம்' முட்டையைக் கருப்பாக்கினேன்.
உறைமேல் கையெழுத்து
பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டுமாம்.
தமிழில்தான் போடுவேன்.
'ழ'வின் வால் இந்தமுறை கொஞ்சம் நடுங்கிவிட்டது,
செல்லாதென்று தள்ளிவிடுவார்களோ என்று
மூன்று நாள் பயந்தேன்.

தள்ளவில்லை.
பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தது.

நவம்பரில் வரிச்சீட்டு
இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வந்தது.
டேரல் தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தார்.
அவர் வீடு சின்னது. கணக்கு நான் முன்பே போட்டிருந்தேன்:
நூற்றிரண்டு டாலர் அறுபத்தாறு சென்ட்.
நான் கருப்பாக்கிய முட்டை
அவர் சட்டைப்பைக்குள்ளும் கை விட்டிருந்தது.
என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் கையை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்,
கொஞ்சம் தாமதமாக.

ஆம்புலன்ஸ் நிலையத்தில் இப்போது
விடியவிடிய விளக்கு.
டேரல் வீட்டு விளக்கு
எட்டு மணிக்கே அணைகிறது.
பாத்திரம் கழுவும் ஜன்னலிலிருந்து
இரண்டும் தெரியும்.