நாற்பத்தேழாவது பாதம்

பாடநூலில் உள்ள தோலெல்லாம் வெளுப்பு.
அதில் மச்சம் தனியாகத் தெரியும்,
தயிர்சாதத்தில் கடுகு மாதிரி.

எங்கள் ஆய்வின் நாற்பத்தேழாவது பாதம்
காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தது.
தேசம்மா. ஐம்பத்திரண்டு. ஐஸ் உடைக்கிற வேலை.
இடது காலில், விரல்களுக்குக் கீழே கறுப்பு.
தார் என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறாள்,
ஒரு வருஷம்.

"மூஞ்சி வருமா போட்டோல?"
வராதும்மா, கால் மட்டும்.
"அப்ப மெட்டியக் கழட்டணுமா?"
வேண்டாம் என்றேன்.

பக்கத்தில் அளவுகோலை வைத்தேன்.
பதினேழு மில்லிமீட்டர். ஓரம் சரியில்லை,
மழை இறங்கிய சுவர்.
படிவத்தில் நிறத்துக்கு மூன்று கட்டம்.
அவள் நிறம்
மூன்றிலும் இல்லை.

மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாய்ச் சீவி,
ஊதாச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது
கண்ணாடியில் மீன்வாடை இல்லை, கடல் இல்லை.
இருக்கவேண்டிய வரிசையை விட்டு
செல்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
மாடி ஏறுகிறவர்களைப் போல, சத்தமில்லாமல்.

படத்தின் விளிம்பில் மெட்டி விழுந்திருக்கிறது.
அடையாளம், வெட்டிவிடு என்கிறார் பேராசிரியர்.
சரி சார் என்றேன்.
இன்னும் வெட்டவில்லை.

திங்கட்கிழமை வருவாள்.
"தாரு இல்லியா அப்ப?" என்பாள்.