பொறுமைக் குறியீடு

உடையார்கட்டில் பதினேழாவது வீடு.
டப்லெட்டில் முப்பத்தொரு வீதம் சார்ஜ்.
கச்சான் உடைக்கிற கையை நிறுத்தாமல்
பிளாஸ்டிக் கதிரையைக் காலால்
என் பக்கம் தள்ளினாள் தவச்செல்வி.

கேள்வி நாற்பத்திரண்டு.
எழுதியபடியே வாசிக்க வேண்டும். விளக்கக் கூடாது,
தலையைக்கூட ஆட்டக் கூடாது:
இன்று ஐயாயிரம் ரூபா வேண்டுமா,
ஒரு மாதம் கழித்து ஆறாயிரம் வேண்டுமா?

"இண்டைக்கு."

ஏழாயிரம் என்றேன். இண்டைக்கு.
ஒன்பதாயிரம். இண்டைக்கு.
பன்னிரண்டாயிரத்துக்கு மேல் திரையில் எண் இல்லை.
"ஆர் கொண்டந்து தாறது? நீங்களோ?"

அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை.

நாற்பத்துமூன்று.
ஆறு மாதம் கழித்து ஐயாயிரமா,
ஏழு மாதம் கழித்து ஆறாயிரமா?
"அப்ப ஏழாம் மாசமே தாங்கோ.
இல்லாத காசு எப்ப வந்தாலென்ன."

கிளிநொச்சி ஹோட்டல் மண்டபத்தில்
கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
இதைத்தான் பலகையில் வளைகோடாகக் கீறினார்.
முதலில் செங்குத்தாய் விழும், பிறகு படுத்துவிடும்.
நிகழ்காலச் சாய்வு என்று பெயர் சொன்னார்.
எழுதிக்கொண்டோம். மதியம் புரியாணி.

இவள் எழுந்து உள்ளே போய்
பொலித்தீன் சுற்றிய புத்தகம் ஒன்றோடு வந்தாள்.
மீதி பதினெட்டாயிரத்து நானூறு.
கடைசி முத்திரை இரண்டாயிரத்து எட்டு, ஒக்டோபர்.
வங்கி இருந்த இடத்தில் இப்போது டயர் ஒட்டுகிறார்கள்.
"வட்டி ஏறியிருக்குமோ?"
கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.
பொலித்தீனை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தாள்.

டப்லெட் கணக்குப் போட்டது:
பொறுமை, ஐந்தில் ஒன்று.

கிணற்றடியில் ஒன்பது தென்னம்பிள்ளை.
அதில் இரண்டு, யானை பிடுங்கிய குழிகளிலேயே
மறுபடி வைத்தவை.
காய்க்க ஆறு வருடமாவது செல்லும்.
சுவரோரம் மூன்று மூட்டை,
மாசியில் விலை விழுந்தபோது விற்காமல் வைத்தது;
வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை கொண்டுபோய்
மணலில் வறுத்து விற்பாளாம்.
"புதன்கிழமை லோன் பெடியன் வருவான்.
அவன் கண்ணிலை படக்கூடாதெண்டுதான் மேலை பாய் போட்டது."

பார்த்தேன்.
பார்த்ததைக் கேட்கும் கேள்வி
கடைசிவரை வரவில்லை.

"இதுக்கு உங்களுக்கு எவ்வளவு?"
வீட்டுக்கு அறுநூறு. திட்டம் முடியத் தருவினம்.
"எப்ப முடியும்?"
தை என்றார்கள், இப்போது ஆனி என்கிறார்கள்,
பெற்றோல் மூன்று மாதமாய் என் காசு.
இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவளும் எனக்குப் புள்ளி போடவில்லை.

வறுத்த கச்சான் ஒரு சுருள், நூறு ரூபா.
பையில் இருந்தது ஒற்றை ஐயாயிரத் தாள்.
அவளிடம் மாத்தக் காசில்லை.
"திரும்பி வரேக்கை தாங்கோ."
எப்போது என்று கேட்கவில்லை,
கூட எவ்வளவு என்றும்.

குறிப்புக்கு இருநூறு எழுத்து இடம் உண்டு.
அதில் எழுதினேன்:
இந்த வீட்டுக்கு நான் நூறு ரூபா கடன்.
அனுப்பினேன். சிக்னல் இல்லை.
சேமிக்கப்பட்டது என்றது டப்லெட்.
சுருள் இன்னும் சுட்டது.
பதினெட்டாவது வீட்டு நாய்
குரைக்கத் தொடங்கியிருந்தது.