சேணத்துணியின் இடப்பக்கம்

வவுனிக்குளத்துக் கட்டு நேர்.
நூல் பிடித்துப் போட்டதுபோல் நேர்.
அதில் போகும்போது மின்னி தண்ணிப் பக்கம் சரிந்தாள்,
தாகம் என்றேன்.
திரும்பி வரும்போது வயல் பக்கம் சரிந்தாள்,
பசி என்றேன்.
இரண்டும் எனக்கு வலப்பக்கம் என்று
ஒரு மாதமாய்ப் புத்தியில் ஏறவில்லை.

பேர்னிலிருந்து வந்த இராசநிதி
மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கென்று வாங்கிய குதிரை.
நுவரெலியாவில் ஓடித் தோற்றதாம்.
கலியாணமில்லாத மாதங்களில்
நடத்திக் களைக்கவைக்க ஓர் ஆள் வேணும்.
கோமளேஸ்வரி உழவுமெசின் ஓட்டுறவள்தானே,
பயப்பிடமாட்டாள் என்று தந்துவிட்டார்.
இதற்கு ஸ்டியரிங் இல்லை என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிலக்சன் பின்னால் நின்று போனில் எடுத்தான்.
பார்த்தேன்.
குதிரை நேர்.
மேலே ஒரு நெல்மூட்டை, வலப்பக்கம் பிதுங்கி,
தோளுக்கு மேலால் எதையோ எட்டிப் பார்த்தபடி.
"ஆரடா இது?" என்று கேட்டே விட்டேன்.

பத்தொன்பது போகம்.
ஒரு கை ஸ்டியரிங்கில், அரைக்கண் முன்னால்,
மிச்ச உடம்பெல்லாம் பின்னால்:
கொழு கல்லில் ஏறுதா, சால் பிசகுதா,
பாலைவேர் ஏதும் இழுபடுதா.
கலப்பை எப்போதும் பின்னால்தானே இருக்கிறது.
முறுகிய இடுப்பு முறுகியபடியே
வயலை விட்டு வந்த பிறகும்
என்னைக் கேளாமல் உழுதுகொண்டிருந்திருக்கிறது.
இறங்கிச் சேணத்தைக் கழற்றினால்
துணியில் வலப்பக்கம் வியர்வையில் தோய்ந்து
இடப்பக்கம் காய்ந்து கிடந்ததும் அதனால்தான்.
பாவம், ஒரு பக்க முதுகால்
என்னைச் சுமந்திருக்கிறாள்.

அங்கவடிகளைத் தூக்கிக் குறுக்கே போட்டேன்.
கால் இரண்டும் தொங்கின, ஈரச்சீலைபோல.
அப்போதுதான் தெரிந்தது
குந்துவதற்கு இரண்டு எலும்புகள் உண்டென்று.
நான் வலதில்தான் இத்தனை நாளும் குடியிருந்தேன்.
இடது, பூட்டிக் கிடந்த வீடு.

முழங்காலால் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க
சவுக்காரக்கட்டிபோல் மேலே வழுக்கினேன்.
பிடியை விட்டபோது இறங்கி அமர்ந்தேன்.
மூச்சை அடிவயிறுவரை விட்டால்
மின்னியின் ஒரு காது என் பக்கம் திரும்பும்.
கடிவாளத்தில் என் கை மெத்தென்றாக
அவள் வாய் இரும்பை மெல்லத் தொடங்கியது,
வெற்றிலை போடுகிறவள்போல.
கழுத்தைத்தான் நம்ப ஏலாது.
நாரி நேரானாலும் அது திரும்பும்.
கட்டு முடிகிற இடத்து வீரைமரத்தில் கண்ணைக் கட்டினேன்,
அவிழும், மறுபடி கட்டுவேன்.

ஆனி மாசம். குளம் இறங்கி, கல்லடுக்கு வெளியே தெரிந்தது.
கல்லுக்குள்ளிருந்து ஓர் உடும்பு பாய,
மின்னி இடப்பக்கம் துள்ளினாள்.
முந்தி என்றால் வலப்பக்கம் மண்.
இரண்டு தரம் விழுந்திருக்கிறேன்,
அங்குள்ள நெருஞ்சிக்கு என்னை நல்லாத் தெரியும்.

இந்தமுறை நான் யோசிக்கமுன்
இடுப்பு அவளோடு போய்விட்டது.
வாரை இழுக்கவில்லை, பிடரியைப் பற்றவில்லை.
நாலு எட்டு குலுங்கிப் பிறகு நடை.
உடும்பு எந்தப் பக்கம் போனது என்று
இன்றுவரை தெரியாது.
திரும்பிப் பார்க்கவில்லை.

சேணத்தை இறக்கித் துணியை விரித்தேன்.
வலது தோய்ந்திருந்தது. இடதும்.
இடதில் மட்டும், நடுவே,
உள்ளங்கை அளவில் ஒரு காய்ந்த இடம்.
விரல்களை விரித்து அதில் வைத்துப் பார்த்தேன்.

நாளன்றைக்கு மல்லாவியில்
மூன்று ஏக்கர் உழவு இருக்கிறது.